இடி கேட்டது... மின்னல் எங்கே? ஸ்ரீஹரிகோட்டாவில் கிளம்பிய ஆஸ்ட்ரோசாட் தீர்த்து வைத்த குழப்பம்

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்புதுன்னா, கும்மிடிப்பூண்டி முதல் ஆர்.கே.பேட்டை வரை திருவள்ளூர் மாவட்டத்தில் பலர் மொட்டை மாடிக்கு ஏறிவிடுவார்கள். 2015 செப்டம்பர் 28 காலை 10 மணிக்கு அப்படிக் கிளம்பிய பி.எஸ்.எல்.வி. சி-30 ராக்கெட்டில் போனதுதான் ஆஸ்ட்ரோசாட். பல அலைநீளங்களில் வானத்தை ஆராயும் இந்தியாவின் முதல் விண்வெளி ஆய்வகம். இது உலக விஞ்ஞானிகளின் பெரிய குழப்பம் ஒன்றைத் தீர்த்து வைத்தது.

என்ன குழப்பம்?

2017 ஜனவரி 4-ம் தேதி, இரண்டு கருந்துளைகள் மோதி ஒன்றானதில் எழுந்த ஈர்ப்பலையை அமெரிக்காவின் லைகோ கருவிகள் பதிவு செய்தன. அலை எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதை லைகோவால் துல்லியமாகச் சொல்ல முடியவில்லை. தேடலில் இறங்கிய ஹவாய் தீவின் அட்லஸ் தொலைநோக்கி, வேகமாக மங்கும் ஒரு புது வெளிச்சத்தைப் பார்த்தது.

கருந்துளைகள் மோதினால் வெளிச்சம் வராது என்பதே பொதுவான கணிப்பு. இது அந்த மோதலின் வெளிச்சம்தான் என்றால், அந்தக் கணிப்பையே மாற்ற வேண்டியிருக்கும். இடி கேட்ட நேரத்தில் தெரிந்த வெளிச்சம் மின்னலா, இல்லை யாரோ விட்ட பட்டாசா? அதுதான் கேள்வி.

விடை கிடைத்தது எப்படி?

ஆஸ்ட்ரோசாட்டில் உள்ள சி.இசட்.டி.ஐ. கருவியின் பக்கச் சுவர்களையும் அதிக ஆற்றல் கொண்ட கதிர்கள் ஊடுருவும். அதனால், அது திரும்பிப் பார்க்காத திசையில் நடக்கும் வெடிப்பும் அதில் பதிவாகும். ஈர்ப்பலை வந்து சுமார் 21 மணி நேரம் கழித்து, ஒரு காமா கதிர் வெடிப்பு அதில் பதிவாகியிருந்தது. அட்லஸ் பார்த்த வெளிச்சம் எப்போது தொடங்கியிருக்கும் என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டால், இந்த வெடிப்பின் நேரத்தோடு பொருந்தியது. ஆக, அது பட்டாசுதான். கருந்துளை மோதலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

உண்மையான ஜோடி கிடைத்ததா?

கிடைத்தது. 2017 ஆகஸ்ட் 17-ல் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய ஈர்ப்பலை வந்தது. சுமார் 1.7 விநாடியில் நாசாவின் ஃபெர்மி செயற்கைக்கோள் காமா கதிரைப் பிடித்தது. ஆஸ்ட்ரோசாட்டுக்கு அது தெரியவில்லை. காரணம், பூமியே குறுக்கே நின்றது. ஆனால் அந்த 'தெரியவில்லை'யும் வீண் போகவில்லை. பூமி மறைத்த பக்கத்தில்தான் வெடிப்பு நடந்திருக்க வேண்டும் என்று, தேட வேண்டிய பகுதியைச் சுருக்க அது உதவியது.

அடுத்து என்ன?

மகாராஷ்டிராவின் ஹிங்கோலி மாவட்டத்தில் லைகோ-இந்தியா அமைக்க 2023-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அது வந்தால் ஈர்ப்பலையின் திசையை இன்னும் துல்லியமாகச் சொல்லலாம். 'தக்ஷா' என்ற திட்டத்தில் இரண்டு செயற்கைக்கோள்களை அனுப்பவும் இந்திய விஞ்ஞானிகள் முன்மொழிந்துள்ளனர். இரண்டு இருந்தால், ஒன்றைப் பூமி மறைத்தாலும் மற்றொன்று பார்க்கும்.