பொட்டலம் கட்டவும் ஆலோசனை!

மளிகைக் கடையில் பொட்டலம் கட்டும் கலைக்கு எவரும் பரீட்சை எழுதித் தேறியதில்லை. காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி, சரக்கைக் கொட்டி, வாயை மடித்து, நூலை நாலு சுற்றுச் சுற்றி அறுத்தால் காரியம் முடிந்தது. ஐரோப்பாவிலோ இன்று அந்தப் பொட்டலத்துக்கென்று நூறு பக்கத்துக்கு மேற்பட்ட ஒரு சட்டம் இருக்கிறது. அச்சட்டத்தைப் படித்துப் பொருள் சொல்வதற்கு, உலகமெங்கும் கிளை பரப்பிய ஆலோசனை ஸ்தாபனங்கள் கட்டணம் விதித்துக் காத்திருக்கின்றன. சட்டம் நல்லது என்பதே நம் அபிப்பிராயம். அதற்கு உரை சொல்லும் உரிமை யார் கையில் போய்ச் சேருகிறது என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம்.

இது திடீரென்று முளைத்த சட்டமன்று. 1991-ல், கிளாஸ் டெப்ஃபர் என்பவர் ஜெர்மனியின் சுற்றுச்சூழல் மந்திரியாக இருந்தபோது, அந்நாட்டில் ஒரு விதி பிறந்தது. குப்பையை அகற்றும் செலவு நகரசபையைச் சேர்ந்தது என்ற பழைய ஏற்பாட்டை அது தலைகீழாக மாற்றிற்று. பெட்டியையும் புட்டியையும் சந்தைக்கு அனுப்பியவர்களே அவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்றது. பற்பசை வாங்கினவர் குழாயை மட்டும் எடுத்துக்கொண்டு, வெளி அட்டைப் பெட்டியைக் கடையிலேயே போட்டுவிட்டுப் போகலாம் என்றாயிற்று. வியாபாரிகள் ஒன்றுகூடி அமைத்த சேகரிப்பு ஸ்தாபனம் ஒன்று, கட்டணம் செலுத்தப்பட்ட சரக்குகளின்மேல் பச்சை வட்டக் குறி ஒன்றைப் பொறிக்க அனுமதித்தது. அக்குறியைக் கண்டு, 'இது மறுபடியும் உருக்கி உபயோகிக்கத் தக்கது' என்று எண்ணியவர்கள் அநேகர். அதன் பொருளோ, 'இதற்குக் கட்டணம் கட்டியாயிற்று' என்பது மட்டுமே! ஒரு சிறு வட்டத்துக்கே உரை தேவைப்படுமானால் நூறு பக்கத்துக்கு எவ்வளவு தேவைப்படும் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

1994-ல் ஐரோப்பிய யூனியன் பொதுவான ஒரு கட்டளை பிறப்பித்தது. அதை ஒவ்வொரு நாடும் தன் தன் போக்கில் சட்டமாக்கிக் கொண்டது. 2025 பிப்ரவரி 11-ல் அமுலுக்கு வந்த புதுச் சட்டம் அப்படியல்ல. 27 நாடுகளையும் நேராகவே கட்டுப்படுத்துவது. அதன் பொதுவான விதிகள் 2026 ஆகஸ்ட் 12 முதல் பொருந்தும் என்று சட்டத்திலேயே நாள் குறித்திருக்கிறார்கள். 2022-ல் ஐரோப்பாவில் தலைக்குச் சுமார் 186 கிலோ வீதம் இத்தகைய கழிவு சேர்ந்ததென்றால், இவ்வளவு அவசரம் ஏன் என்பது விளங்கும். 2018-ஆம் வருஷத்து அளவிலிருந்து 2030-க்குள் நூற்றுக்கு 5 பங்கும், 2040-க்குள் 15 பங்கும் குறைய வேண்டும் என்பது இலக்கு. தபாலில் வரும் பெட்டியில் பாதிக்கு மேல் வெறுமையாக இருக்கக் கூடாது. உள்ளே கொஞ்சம் வைத்து வெளியே பெரிதாகக் காட்டும் இரட்டைச் சுவரும் பொய் அடித்தட்டும் கூடா. ஒன்றரைக் கிலோவுக்குக் குறைந்த பழம் காய்கறிகளைப் பிளாஸ்டிக்கில் சுற்றி விற்பது 2030-லிருந்து, சில விலக்குகள் நீங்கலாக, தடுக்கப்படும். வாழைப்பழத்துக்கு இயற்கையே ஒரு உறை கொடுத்திருக்க, அதன்மேல் இன்னோர் உறை போட்டு விற்றவர்களுக்கு இது வேண்டியதுதான்!

இனி, ஆலோசனைக்காரர்களின் பூர்வோத்தரத்தைச் சற்றுப் பார்ப்போம். வில்லியம் டெலாய்ட் என்பவர் 1845-ல் லண்டனில் ஒரு கணக்கர் ஆபீஸ் திறந்தார். அப்போது இங்கிலாந்தில் ரயில் கம்பெனிகள் பெருகிக்கொண்டிருந்தன. பங்கு வாங்கியவர்களுக்குத் தங்கள் பணம் தண்டவாளமாயிற்றா, வேறு ஏதாவதாயிற்றா என்ற கவலை. கணக்கைச் சரிபார்க்க நம்பிக்கையான மூன்றாம் மனிதர் வேண்டியிருந்தது. அவ்வாறு பிறந்த தொழில் வருமான வரியோடு வளர்ந்து, பின்னர் யோசனை சொல்லும் தொழிலாகவும் கிளைத்தது. சிகாகோ சர்வகலாசாலையில் கணக்கியல் போதித்த ஜேம்ஸ் மக்கின்ஸி 1926-ல் தம் பெயரால் ஒரு ஸ்தாபனம் தொடங்கினார். அவருடைய கூட்டாளியாயிருந்த கியர்னி 1939-ல் தனியே பிரிந்தார். இன்று டெலாய்ட், பிரைஸ்வாட்டர்ஹவுஸ்கூப்பர்ஸ், ஏர்ன்ஸ்ட் அண்டு யங், கே.பி.எம்.ஜி. என்னும் நான்கும் கணக்குத் தணிக்கையில் முன் நிற்பவை. சுற்றுச்சூழல் விதிகளைப் பற்றியும் அவை யோசனை விற்கின்றன. இதில் குற்றமொன்றும் இல்லை. வழக்கு வந்தால் வக்கீலை அமர்த்துகிறோம் அல்லவா? ஆனால் வக்கீல் எந்தப் பக்கத்துக்குப் பேசுகிறார் என்பது கோர்ட்டில் எல்லாருக்கும் தெரியும். ஆராய்ச்சி அறிக்கையோ நடுநிலைமையின் உடையை அணிந்து வருகிறது.

ஓர் உதாரணம் சொல்லுகிறோம். 2022 நவம்பரில் இச்சட்டத்தின் மசோதா வெளியாயிற்று. உணவு விடுதியில் உட்கார்ந்து சாப்பிடுவோருக்கு, ஒருமுறை உபயோகித்து எறியும் கோப்பையும் தட்டும், காகிதமாயினும் பிளாஸ்டிக்காயினும், வைக்கக் கூடாது என்று அதில் கண்டிருந்தது. 2023-ல் மெக்டொனால்ட்ஸ் கம்பெனி, கியர்னி ஸ்தாபனத்தைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி நடத்தி வெளியிட்டது. கழுவி உபயோகிக்கும் பாத்திரங்களைக் கட்டாயமாக்கினால் பிளாஸ்டிக் கழிவு குறைவதற்குப் பதில் கூடும் என்பது அதன் சாரம். குப்பை ஒழிப்பு இயக்கத்தார் அந்தக் கணக்கின் அடிப்படைகளையே ஆட்சேபித்தார்கள்.

இத்தகைய கணக்கு எப்படி நடக்கிறதென்று தெரிந்துகொள்வது நலம். நம் வீட்டு எவர்சில்வர் தம்ளரையே எடுத்துக்கொள்வோம். அதைச் செய்ய வெகு உஷ்ணமும் சக்தியும் செலவாகின்றன. காகிதக் கோப்பைக்கு அவ்வளவு வேண்டாம். தம்ளரை 20 தடவை உபயோகித்துத் தொலைத்துவிட்டால் காகிதக் கோப்பைக்கே வெற்றி. ஆயிரம் தடவை உபயோகித்தால், செய்த செலவு ஒரு தடவைக்கு அற்பமாகிவிடும். அப்புறம் மிஞ்சுவது கழுவும் செலவு: வெந்நீரா, தண்ணீரா? இயந்திரத்தில் உலர்த்துவதா, வெயிலில் கவிழ்ப்பதா? வெகு தூரம் வண்டியில் ஏற்றிச் சென்று கழுவுவதா, கொல்லைப்புறத்திலேயா? இந்தக் கேள்விகளுக்கு முதல் பக்கத்தில் எந்த விடையை எழுதிக்கொள்கிறோமோ, அதுவே கடைசிப் பக்கத்தில் முடிவாக வந்து நிற்கும். பெருக்கலிலும் வகுத்தலிலும் ஒரு பிழை இராது. பள்ளிப் பிள்ளைகளுக்கு நாம் கணக்குக் கொடுக்கும்போது தொகைகளையும் நாமே கொடுக்கிறோம். இங்கே தொகைகளைக் கொடுப்பவர் யார் என்று பார்க்க வேண்டும்.

முடிவில் நிறைவேறிய சட்டத்தில், விடுதிக்குள் சாப்பிடுவோர் சம்பந்தமான தடை பிளாஸ்டிக்குக்கு மட்டுமே என்று சுருங்கிவிட்டது. ஓர் அறிக்கைதான் இதைச் செய்தது என்று நாம் சாதிக்கவில்லை. காகிதக் கோப்பைத் தொழிலுக்கும் செல்வாக்கு உண்டு. ஆனால் சட்டம் பிறக்குமுன் ஒரு கட்சிக்காகக் கணக்குப் போடுவதும், பிறந்தபின் அதற்கு இணங்கும் வழி சொல்வதும் ஒரே வகை ஸ்தாபனங்களுக்குப் பிழைப்பாக இருப்பதைக் கவனியாமல் இருக்க முடியாது. கம்பெனிக் கணக்கைத் தணிக்கை செய்பவர் அதே கம்பெனிக்கு எந்தெந்த யோசனைகளை விற்கலாகாது என்பதற்கு, 2001-ல் என்ரான் கம்பெனி விழுந்து, அதன் தணிக்கையாளரான ஆர்தர் ஆண்டர்சனும் உடன் விழுந்த பிறகு, அமெரிக்கா 2002-ல் கடுமையாக விதி செய்தது. ஆராய்ச்சி அறிக்கைகளுக்கும் அத்தகைய வரம்பு ஒன்று வேண்டும் என்பது நம் கருத்து.

இதெல்லாம் ஐரோப்பியர் சங்கதிதானே என்று நேயர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். திருப்பூர்ப் பனியன் ஐரோப்பியக் கடைக்குப் போகும்போது பாலிதீன் பையில் அல்லவா போகிறது? அந்தப் பையும் இச்சட்டத்துக்கு உட்பட்டதே. கடைக்காரர் தம் பெயரில் சரக்கைத் தயாரிக்கச் செய்தால், விதிப்படி இருக்கிறது என்ற உறுதிமொழிப் பத்திரத்தை எழுத வேண்டியவர் அவர்தான். ஆயினும், அதற்கு வேண்டிய விவரங்களைப் பை செய்து கொடுத்தவர் அளிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆகவே, சில இயந்திரங்களை வைத்துக்கொண்டு பை ஊதும் ஒரு சிறு முதலாளியிடம், கடல் கடந்து, நீண்டதொரு கேள்விப் பட்டியல் வந்து சேரும். ஆங்கிலத்தில் அச்சிட்ட பட்டியலைக் கண்டு மிரண்டு அவர் ஆலோசனைக்காரரைத் தேடிப் போவாரானால், இலாபத்தில் ஒரு பகுதி அங்கேயே கரைந்துவிடும்.

உண்மையில் அக்கேள்விகள் என்ன? பையின் எடை எத்தனை கிராம்? எந்தப் பொருளால் ஆனது? அதில் பழைய பிளாஸ்டிக்கை உருக்கிச் சேர்த்தது எத்தனை பங்கு? ஈயம், காட்மியம், பாதரசம், ஆறிணைதிறக் குரோமியம் ஆகிய நான்கும் சேர்ந்து கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கு மேற்படாமல் இருக்கிறதா? எடைக்குத் தராசு போதும். பொருளுக்கும் பங்குக்கும் கொள்முதல் சீட்டுகள் சாட்சி சொல்லும். உலோகங்களுக்கு மட்டும் இரசாயனப் பரிசோதனை அவசியம். ஈயமும் அவ்வகைக் குரோமியமும் கலந்த மஞ்சள் வர்ணம் அச்சு மையில் இருந்தால் பை தேறாது. பரிசோதனைச் செலவை முதலாளிகள் பலர் சங்கமாகச் சேர்ந்து பகிர்ந்துகொள்ளலாம். சட்டத்தின் மூலமோ ஐரோப்பிய யூனியனின் 24 பாஷைகளில் இலவசமாகவே கிடைக்கிறது. அந்த 24-ல் தமிழ் இல்லை. பை செய்வோருக்குச் சம்பந்தப்பட்ட சில ஷரத்துகளையாவது தமிழில் எழுதி அச்சிட்டு, பட்டறைதோறும் கொடுப்பதற்கு ஓர் இரசாயனப் பட்டதாரியும் ஒரு வக்கீலும் சில வாரங்கள் உட்கார்ந்தால் போதும்.