கேள்வி கேட்ட பக்தி
சமஸ்கிருதப் பண்டிதையான ரமாபாய் எபிரேயமும் கிரேக்கமும் கற்றது, எழுத்தறியாத பெண்களும் வேதத்தைத் தாங்களே வாசிக்க வேண்டும் என்பதற்காக.

புனேயிலிருந்து சோலாப்பூர் செல்லும் ரயில் பாதையில் உள்ள சிறிய ஊர் கேட்காவ். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கிருந்த ஓர் அச்சகத்தில் ஈய எழுத்துகளைக் கோத்தவர்களும், தாள்களை மடித்தவர்களும், புத்தகம் கட்டியவர்களும் பெண்கள். பஞ்சத்தில் பெற்றோரைப் பறிகொடுத்தவர்கள், சிறு வயதிலேயே விதவையானவர்கள். அவர்களில் பலர் அங்கு வந்த பிறகுதான் எழுத்துக் கூட்டவே கற்றார்கள். அந்த அச்சகத்திலிருந்து 1924ல் வெளிவந்தது முழு வேதாகமத்தின் மராத்தி மொழிபெயர்ப்பு. எபிரேய, கிரேக்க மூலங்களிலிருந்து அதை மொழிபெயர்த்தவரும் ஒரு பெண்தான்: பண்டித ரமாபாய். நூல் முழுமையாக அச்சேறியதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. 1922 ஏப்ரல் 5ல் காலமாகிவிட்டார்.

விதவைகளுக்கும் பெண் கல்விக்கும் பாடுபட்டவர் என்று வரலாற்றுப் புத்தகங்கள் ரமாபாயைப் பாராட்டுகின்றன. அயராமல் ஜெபித்தவர் என்று கிறிஸ்தவர்கள் போற்றுகிறார்கள். இரண்டு சித்திரங்களிலும் பெரும்பாலும் விடுபட்டுப்போவது, சொல்லப்பட்டதை அப்படியே ஏற்காமல் தானே படித்துச் சரிபார்க்கும் அவரது பிடிவாதம். அவரது பக்தியின் முதுகெலும்பே அதுதான்.

படிப்பு அவருக்குப் பிறப்பிலேயே வாய்த்தது. 1858ல் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் பிறந்தவர். தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே, பெண்ணுக்கு சமஸ்கிருதம் கூடாது என்ற அன்றைய கட்டுப்பாட்டை மீறி மனைவிக்கு அதைக் கற்பித்தவர். தாய் மகளுக்குக் கற்பித்தார். கோயில் கோயிலாகச் சென்று புராணம் வாசித்துப் பிழைத்த அந்தக் குடும்பத்தை 1870களின் பஞ்சம் சிதைத்தது. பெற்றோரும் அக்காவும் மாண்டனர். எஞ்சிய அண்ணனும் தங்கையும் 1878ல் கல்கத்தாவை அடைந்தபோது, இருபது வயது ரமாபாயின் புலமையைக் கண்டு வியந்த பண்டிதர்கள் அவருக்கு 'பண்டிதா', 'சரஸ்வதி' என்று பட்டம் சூட்டினர்.

அங்கேதான் முதன்முதலாக அவர் கையில் வேதாகமம் கிடைத்தது. அதுவும் சமஸ்கிருத மொழிபெயர்ப்பு. ஆனால் பாகவதத்தை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய அந்தப் பண்டிதைக்கு அதன் நடை பிடிபடவில்லை. படிப்பது வீண் வேலை என்று நினைத்ததாகப் பின்னாளில் அவரே எழுதினார். பிறகு திருமணமாகி அசாமின் சில்சாரில் வாழ்ந்தபோது, கணவரின் புத்தகங்களுக்கிடையே வங்காளியில் லூக்கா சுவிசேஷம் கண்ணில் பட்டது. இந்த முறை புரிந்தது. ஒரு வேதம் வாசகரைச் சென்றடைவதும் அடையாமல் போவதும் அதன் மொழியைப் பொறுத்தது என்பதற்கு அவரது அனுபவமே சாட்சி.

திருமணமான இரண்டே ஆண்டுகளில், 1882ல், கணவர் காலராவில் இறந்தார். கைக்குழந்தை மனோரமாவுடன் 1883ல் இங்கிலாந்து சென்ற ரமாபாய், அங்கே வாண்டேஜ் நகரிலிருந்த ஆங்கிலிக்கன் சகோதரிகளின் மடத்தில் தங்கி, அதே ஆண்டு ஞானஸ்நானம் பெற்றார். வழக்கமான மதமாற்றக் கதை என்றால் இங்கே முடிந்திருக்கும். அவர் விஷயத்தில் சச்சரவு இங்கேதான் தொடங்கியது.

மடத்தின் சகோதரிகள் எதிர்பார்த்தது கீழ்ப்படிதல். திரித்துவம் உள்ளிட்ட கோட்பாடுகளை ரமாபாய் கேள்விக்குள்ளாக்கினார். வேதத்தில் தனக்குத் தென்படாத ஒன்றை, பாதிரியார் சொல்கிறார் என்பதற்காக ஏற்க மறுத்தார். சிலுவையில் லத்தீன் வாசகம் எதற்கு, நம் சமஸ்கிருதம் அதைவிடத் தாழ்ந்ததா என்று வாதாடினார். பிராமண புரோகிதரின் அதிகாரத்தை உதறி வந்தவர், வெள்ளைக்கார குருமாரின் அதிகாரத்துக்குத் தலைகுனியத் தயாராக இல்லை. மனநிறைவான விசுவாசம் வர மேலும் எட்டு ஆண்டுகள் ஆயிற்று. அதுவரை தனக்கு கிறிஸ்தவ மதம் கிடைத்திருந்தது, கிறிஸ்து கிடைக்கவில்லை என்பதுதான் பிற்காலத்தில் அவரே சொன்ன கணக்கு.

அந்த ஜெப வாழ்க்கைக்கு அவர் கொடுத்த விலையும் சிறியதல்ல. 1889ல் பம்பாயில் விதவைகளுக்காக அவர் தொடங்கிய சாரதா சதன், அடுத்த ஆண்டே புனேவுக்கு மாறியது. அமெரிக்க நன்கொடையில் நடந்தாலும் அங்கே மதப் பிரசாரம் இருக்காது என்பது ஏற்பாடு. ரமாபாய் தன் அறையில் மகளுடன் ஜெபிப்பார், கதவைச் சாத்தமாட்டார். சில பெண்கள் வந்து உட்கார ஆரம்பித்தனர். புனே கொதித்தது. திலகரின் 'கேசரி' கடுமையாகத் தாக்கியது. 1893ல் ரானடேயும் பண்டார்கரும் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினர். பலர் தங்கள் வீட்டுப் பெண்களை அழைத்துச் சென்றுவிட்டனர். திறந்த கதவு அழைப்பா, வெறும் நேர்மையா என்ற விவாதம் இன்றும் தீர்ந்தபாடில்லை. ஆதரவற்ற பெண்ணின் மதத் தேர்வு எவ்வளவு சுதந்திரமானது என்ற கேள்வியையும் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் ஊரின் கோபத்துக்காக அவர் அந்தக் கதவை மூடவில்லை.

1896-97 பஞ்சத்தில் மத்திய மாகாணங்களுக்குச் சென்று பெண்களையும் சிறுமிகளையும் மீட்டு வந்தபோது கேட்காவில் 'முக்தி' உருவெடுத்தது. 1900 பஞ்சத்துக்குப் பின் அங்கிருந்தவர்கள் 1,500க்கும் மேல். 1905 ஜனவரியில் தினமும் கூடி ஜெபிக்க முன்வருமாறு ரமாபாய் கேட்டபோது சுமார் 70 பேர் வந்தனர். சில மாதங்களில் அது நூற்றுக்கணக்கானது. அந்த ஆண்டு ஜூனில் அங்கு எழுந்த எழுப்புதல் உலகக் கிறிஸ்தவ வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. ஆனால் முக்தியில் ஜெபம் உழைப்புக்கு மாற்றாக இருக்கவில்லை. நெசவு, விவசாயம், எண்ணெய் ஆட்டுதல், அச்சுத் தொழில் எல்லாம் நடந்தன. பார்வையற்ற பெண்களுக்கு பிரெய்ல் எழுத்து கற்பிக்கப்பட்டது.

அந்தச் சூழலில்தான் மொழிபெயர்ப்பு பிறந்தது. புழக்கத்திலிருந்த மராத்தி வேதாகமத்தின் நடை சாதாரணப் பெண்களுக்குக் கடினம் என்பது ரமாபாயின் குறை. சமஸ்கிருதச் சொற்கள் வேறு தத்துவப் பொருளைச் சுமந்து வருகின்றன என்பது இன்னொரு குறை. எனவே மூல மொழிகளைக் கற்று, வரி வரியாக எளிய மராத்தியில் எழுதினார். சமஸ்கிருதத்தால் பட்டம் பெற்றவர், வேண்டுமென்றே சமஸ்கிருதத்தைத் தவிர்த்து எழுதியதுதான் இதில் வியப்பு. காது மந்தம், உடல் தளர்ச்சி, ஆயிரக்கணக்கானோரின் சோற்றுக் கவலை. 1921ல், தனக்குப் பின் முக்தியை நடத்துவார் என்று நம்பியிருந்த மனோரமாவும் இறந்தார். வேலை நிற்கவில்லை. மெய்ப்புத் திருத்தி முடிக்கும்வரை ஆயுள் வேண்டும் என்று ஜெபித்தார், முடிந்ததும் கண்மூடினார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள்.

மராத்தியத் திருச்சபைகளில் அவரது மொழிபெயர்ப்பு வேதாகமச் சங்கத்தின் பதிப்பை அகற்றிவிடவில்லை. அந்த அளவுகோலில் அது தோல்வி எனலாம். ஆனால் அது இன்னொரு தலைமுறையை உருவாக்கியது. வேதம் கேட்கவே தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்டவர்கள் அதை எழுத்தெழுத்தாகக் கோத்தார்கள், தாங்களே வாசித்தார்கள், கிராமங்களுக்குச் சென்று வாசித்துக் காட்டினார்கள். 1989ல் இந்தியத் தபால் துறை ரமாபாய்க்குத் தபால்தலை வெளியிட்டது. முக்தி இன்றும் ஆதரவற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இடம் தருகிறது.

விடாமல் ஜெபிப்பவர்களுக்கு எந்த மதத்திலும் பஞ்சமில்லை. தனக்குப் புரியாததை, புரியும்வரை படித்து, பிறகு தன்னைவிட எளியவருக்கும் புரிய வைக்கும்வரை ஓயாதவர்கள் அபூர்வம். ரமாபாயின் ஜெபத்துக்கு எடை சேர்த்தது அந்த ஓயாமைதான்.