ஆளுக்கொரு கடைசி நேரம்

சென்ற கல்வியாண்டில் ஒரு நாள், காலை வழிபாட்டுக்கு மணி அடிப்பதற்கு முன்பே பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருவர் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றார். கையில் அப்பாவின் கைப்பேசி. முந்தைய நாள் இரவு நுழைவுத்தேர்வுப் பயிற்சி விற்கும் ஒரு வலைப்பக்கத்தை அவருடைய அப்பா திறந்திருக்கிறார். பக்கத்தின் உச்சியில் சிவப்புப் பட்டை, அதில் 14:59, 14:58 என்று இறங்கிக்கொண்டே போகும் எண்கள். அதற்குக் கீழே, நேரம் முடிந்தால் கட்டணம் 12,000 ரூபாய், அதற்குள் கட்டினால் 4,999 ரூபாய் என்ற அறிவிப்பு. கொத்தனார் வேலை பார்ப்பவர். பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கி, எண்கள் பூஜ்யத்தைத் தொடுவதற்குள் பணத்தைக் கட்டிவிட்டார்.

“சார், இன்னைக்குக் காலையில திரும்பத் திறந்து பார்த்தேன். அதே 14:59-ல இருந்துதான் ஓடுது. விலையும் அதேதான் சார்” என்றார் மாணவி.

கணினி ஆசிரியராக எனக்கு அது புதிய செய்தி அல்ல. ஆனால் ஜாவாஸ்கிரிப்ட் பாடத்தை ஆண்டுதோறும் நடத்திவிட்டு, அந்தப் பாடத்தில் உள்ள இரண்டு வரிகள்தான் ஒரு குடும்பத்தின் ஒரு வாரக் கூலியைப் பறித்துக்கொண்டன என்பதை ஒருமுறைகூட வகுப்பில் சொல்லாமல் விட்டிருக்கிறேனே என்பது உறுத்தியது. இந்தக் கட்டுரை அந்த உறுத்தலில் எழுதியது. கணினி கற்பிப்பவர்களுக்கு மட்டுமானது அல்ல. நேரக்கணக்கு நடத்தும் கணித ஆசிரியருக்கும், நுகர்வோர் உரிமை நடத்தும் சமூக அறிவியல் ஆசிரியருக்கும் இதில் வேலை இருக்கிறது.

‘இன்றே கடைசி’ என்பது நமக்குப் பழகிய வாசகம். திரையரங்கச் சுவரொட்டியின் மேல் குறுக்காக ஒட்டியிருப்பார்கள். ஆடித் தள்ளுபடிக்கும் கடைசி நாள் உண்டு. அவற்றில் மிகையும் இருக்கலாம். ஆனாலும் அந்தச் சுவரொட்டி தெருவில் போகும் எல்லோருக்கும் ஒரே கடைசி நாளைத்தான் சொல்கிறது. நாளை படம் ஓடினால் ஊரே பார்த்துவிடும், சிரித்துவிடும். விற்பனை வலைப்பக்கத்தின் கடிகாரம் அப்படியல்ல. பல பக்கங்களில், நாம் பக்கத்தைத் திறந்த நொடியில்தான் அது பிறக்கிறது. எனக்கு இரவு 9:15-க்கு முடியும் சலுகை உங்களுக்கு மறுநாள் பகல் 11:40-க்கு முடியும். ஆளுக்கொரு கடைசி நேரம். ஒருவருடைய கடிகாரத்தை இன்னொருவர் பார்ப்பதில்லை என்பதால் குட்டு வெளிப்படுவதும் இல்லை.

இது எப்படி வேலை செய்கிறது? பதினோராம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் நாம் நடத்தும் எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் மூன்றும் போதும். ஜாவாஸ்கிரிப்ட்டில் ‘செட்டைம்அவுட்’ என்றொரு கட்டளை உண்டு. ஒரு வேலையையும் ஒரு கால அளவையும் அதனிடம் கொடுத்தால், அந்தக் காலம் கழிந்ததும் அந்த வேலையைச் செய்யும். ‘செட்இன்டர்வெல்’ என்பது அதன் உடன்பிறப்பு. கொடுத்த இடைவெளியில் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும். இரண்டுக்கும் காலத்தை மில்லிநொடியில்தான் சொல்ல வேண்டும். 15 நிமிடம் என்றால் 9,00,000. மீதி 7,54,000 மில்லிநொடி இருந்தால் திரையில் என்ன காட்ட வேண்டும்? ஆயிரத்தால் வகுத்தால் 754 நொடி. அதை 60-ஆல் வகுத்தால் ஈவு 12, மீதி 34. திரையில் 12:34. ஆறாம் வகுப்பு மாணவர் போடும் கணக்குதான். நொடிக்கு ஒருமுறை இதைப் போட்டுப் போட்டு எண்களை மாற்றிக்கொண்டிருந்தால், பார்ப்பவருக்கு அது கடிகாரம்.

காட்டுவதும் மறைப்பதும் இதைவிட எளிது. பக்கத்தின் ஒரு பகுதிக்கு ‘டிஸ்பிளே’ என்ற பண்பை ‘நன்’ என்று வைத்தால் அது கண்ணுக்குத் தெரியாது. ‘பிளாக்’ என்று மாற்றினால் தோன்றும். நேரம் முடிந்ததும் ‘வாங்கு’ பொத்தானை மறைத்து, ‘சலுகை முடிந்தது’ என்ற வரியைக் காட்டலாம். எதையும் மறைக்காமல் கடிகாரத்தை மட்டும் முதலிலிருந்து ஓடவிடவும் செய்யலாம். அந்த மாணவி பார்த்தது இரண்டாவது வகை.

கொஞ்சம் கவனமாகச் செய்பவர்கள், ஒருவர் முதலில் வந்த நேரத்தை அவருடைய உலாவியிலேயே குக்கீயாகவோ ‘லோக்கல் ஸ்டோரேஜ்’ என்ற இடத்திலோ குறித்து வைப்பார்கள். பக்கத்தை மூடித் திறந்தாலும் கடிகாரம் முதலிலிருந்து தொடங்காமல், இடையில் கழிந்த நேரத்தையும் குறைத்துக்கொண்டு நியாயமாகத் தொடரும். பார்ப்பவருக்கு நம்பிக்கை வந்துவிடும். ஆனால் அதே பக்கத்தை உலாவியின் மறைநிலைச் சாளரத்தில், அதாவது இன்காக்னிட்டோவில் திறந்தால் பழைய குறிப்பு அதற்குத் தெரியாது. நம்மைப் புது ஆள் என்று நினைத்து மறுபடி 15 நிமிடம் கொடுக்கும்.

மோசமாக எழுதிய கடிகாரங்களில் ஒரு வேடிக்கையும் உண்டு. முடிவு நேரத்திலிருந்து இப்போதைய நேரத்தைக் கழிக்காமல், நொடிக்கு ஒன்று என்று வெறுமனே எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டு வருபவை அவை. கைப்பேசித் திரையை அணைத்து வைத்தால் உலாவி தூங்கிவிடும், எண்ணுவதும் நின்றுவிடும். கால் மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால் கடைசி நேரம் நமக்காகக் காத்துக்கொண்டிருக்கும்.

மறைத்து வைப்பதன் இன்னொரு வகை காணொளி விற்பனைப் பக்கங்களில் இருக்கிறது. ஒருவர் பேசிக்கொண்டே இருப்பார். விலை எங்கும் இராது, பொத்தானும் இராது. இருபது நிமிடமோ முப்பது நிமிடமோ கழித்துத்தான் இரண்டும் தோன்றும். விலையை முதலிலேயே பார்த்தால் பலர் போய்விடுவார்கள். அரைமணி நேரம் உட்கார்ந்து கேட்டவருக்கோ, செலவிட்ட நேரம் வீணாகக் கூடாதே என்ற எண்ணம் வந்திருக்கும். அந்த எண்ணம் வரும்வரை விலையை வெளியே விடுவதில்லை. பெரும்பாலும் அந்த விலை தொடக்கத்திலிருந்தே பக்கத்துக்குள் மறைவாக இருக்கும். கணினியில் கன்ட்ரோல் விசையுடன் யூ விசையை அழுத்தினால் மூலநிரல் திறக்கும். அதில் ரூபாய்க் குறியைத் தேடினால் பல நேரம் அகப்பட்டுவிடும். நேரம் வந்த பிறகு சர்வரிலிருந்து தனியே வரவழைக்கும் பக்கங்களில் இப்படிக் கிடைக்காது.

இந்த அவசரம் நம்மிடம் ஏன் வேலை செய்கிறது என்பதற்கு உளவியலில் ஒரு பழைய சோதனை உண்டு. 1975-இல் ஸ்டீபன் வோர்ச்செலும் அவருடன் பணியாற்றியவர்களும் ஒரே வகை பிஸ்கட்டை இரண்டு விதமாக வைத்துச் சுவைக்கக் கொடுத்தார்கள். ஒரு சாடியில் பத்து, இன்னொன்றில் இரண்டு. இரண்டே இருந்த சாடியின் பிஸ்கட்டையே மக்கள் மேலாக மதிப்பிட்டார்கள். முதலில் பத்து இருந்து கண்ணெதிரே இரண்டாகக் குறைந்தபோது மதிப்பு இன்னும் கூடியது. பிஸ்கட் மாறவில்லை. இறங்கும் கடிகாரம் செய்வதும் இந்தக் குறைத்துக் காட்டும் வேலையைத்தான். கூடவே, வீட்டில் கலந்து பேசவும் ஆசிரியரைக் கேட்கவும் வேண்டிய நேரத்தையும் எடுத்துக்கொள்கிறது. என் பார்வையில் இரண்டாவதுதான் பெரிய கேடு. அந்தத் தந்தை மறுநாள் காலை மகளிடம் சொல்லி, மகள் என்னிடம் கேட்டிருந்தால், பள்ளியிலேயே கட்டணமின்றிக் கிடைக்கும் பயிற்சியைப் பற்றி நான் சொல்லியிருப்பேன்.

எவ்வளவு பக்கங்கள் இப்படி? 2019-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்னின்று சுமார் 11,000 ஆங்கில வணிகத் தளங்களைத் தானியங்கி நிரல் கொண்டு அலசினார்கள். இறங்கும் கடிகாரம் 361 தளங்களில் இருந்தது. அவற்றில் 140 தளங்களின் கடிகாரம் ஏமாற்று. பூஜ்யம் ஆன பிறகு அது மறுபடி முதலிலிருந்து ஓடியது, அல்லது சலுகை அப்படியே நீடித்தது.

மீதியுள்ள 221 தளங்களையும் மாணவர்களிடம் சொல்ல வேண்டும். கடிகாரம் என்றாலே பொய் என்று கற்பித்துவிடக் கூடாது. கல்வி உதவித்தொகைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் தளம் குறித்த நேரத்தில் மூடினால் மூடியதுதான். அந்த நேரம் சர்வரில் இருக்கிறது, எல்லோருக்கும் ஒன்று. ஆளுக்கொரு நேரம் ஓடுவதிலும் நேர்மையானவை உண்டு. ஒருமுறைக் கடவுச்சொல்லை மறுபடி அனுப்ப 30 நொடி காத்திருக்கச் சொல்வதும், நாம் பணம் கட்டும்வரை இருக்கையைச் சில நிமிடம் பிடித்து வைப்பதும் அப்படிப்பட்டவை. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, கடிகாரம் எப்போது தொடங்கியது என்பதைவிட, பூஜ்யம் ஆன பிறகு என்ன நடக்கிறது என்பதுதான்.

நேர்மையான கடிகாரமும் சிலரை வெளியே தள்ளிவிடக்கூடும். பார்வைக் குறைபாட்டால் திரைவாசிப்பான் பயன்படுத்துபவருக்கும், மெதுவாக வாசிப்பவருக்கும் அதே பத்து நிமிடம் போதாது. வலை உள்ளடக்க அணுகல் வழிகாட்டுதல்கள் இதற்கு ஒரு விதி வைத்துள்ளன. கால வரம்பை நிறுத்தவோ, குறைந்தது பத்து மடங்கு வரை கூட்டிக்கொள்ளவோ, முடியப்போகிறது என்று எச்சரித்து நீட்டித்துக்கொள்ள 20 நொடியாவது தரவோ வேண்டும். ஏலம் போலக் காலவரம்பு தவிர்க்க முடியாதவற்றுக்கு விலக்கு உண்டு. இணையவழி வினாடிவினாக்களுக்கு நாமே நேரம் வைக்கும்போது சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்காக இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

வகுப்பறைக்கு வருவோம். உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் நான் செய்து பார்த்தது இது. முதல் பாடவேளையில் மாணவர்களே ஒரு விற்பனைப் பக்கம் எழுதினார்கள். விற்பனைப் பொருள் பள்ளித் தோட்டத்து முருங்கைக்காய். 2 நிமிடக் கடிகாரம், முடிந்ததும் மறையும் பொத்தான். ஒரு குழு மறையாத பொத்தானை வைத்துவிட்டு, “சார், மறைக்கிற வரியை எழுத மறந்துட்டோம், அவ்வளவுதான் பொய்யா?” என்று கேட்டது. ஆமாம், அவ்வளவுதான்.

இரண்டாம் பாடவேளையில், நான் முன்பே பார்த்துத் தேர்ந்துவைத்த ஒரு உண்மையான விற்பனைப் பக்கத்தை எல்லாக் கணினிகளிலும் ஒன்றன்பின் ஒன்றாக அரை நிமிட இடைவெளியில் திறக்கச் சொன்னேன். வரிசையாக நடந்துபோய்ப் பார்த்தால் ஒவ்வொரு திரையிலும் ஒரு நேரம். நான் ஏதும் விளக்கவில்லை. சிரிப்பே விளக்கிவிட்டது. இதைச் செய்ய விரும்பும் ஆசிரியர்களுக்கு இரண்டு குறிப்புகள். சில தளங்கள் இணைய முகவரியை வைத்து ஆளை அடையாளம் காணும். ஆய்வகக் கணினிகள் அனைத்தும் ஒரே இணைப்பில் இருப்பதால் எல்லாவற்றிலும் ஒரே நேரம் காட்டக்கூடும். அப்போது உங்கள் கைப்பேசித் தரவில் திறந்து ஒப்பிடுங்கள். மேலும், எந்தப் பெட்டியிலும் யாருடைய கைப்பேசி எண்ணையும் இட விடாதீர்கள். இட்டால் அன்று மாலையிலிருந்தே அழைப்பு வரத் தொடங்கும்.

சட்டமும் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று, ஏமாற்று வடிவமைப்புகளைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அதில் 13 வகைகள் பட்டியலிடப்பட்டுள்ளன. முதலாவதே ‘பொய்யான அவசரம்’. இல்லாத அவசரத்தையோ இல்லாத தட்டுப்பாட்டையோ காட்டி உடனே வாங்கத் தூண்டுவது இதில் அடங்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2005-ஆம் ஆண்டு நெறிமுறையிலேயே, குறுகிய காலத்துக்கு மட்டுமே கிடைக்கும் என்று பொய் சொல்லி யோசிக்க விடாமல் வாங்க வைப்பதை எந்நிலையிலும் கூடாத செயல்களில் சேர்த்துவிட்டது. நம் நாட்டில் புகார் செய்ய தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 உள்ளது.

புகாருக்குச் சான்று வேண்டும். அதைச் சேகரிப்பது மாணவர்களுக்குத் தெரிந்த வேலைதான். கைப்பேசியின் மேல்விளிம்பில் உள்ள மணியும் தெரியும்படி கடிகாரத்தை ஒரு திரைப்பதிவு எடுக்க வேண்டும். பூஜ்யம் ஆன பின் இன்னொன்று, மறுநாள் மற்றொன்று. அந்த மாணவியின் அப்பாவிடம் இரவில் எடுத்த பதிவு இல்லை. ஆனால் அன்றே மாலை 6:10-க்கும் அடுத்த நாள் காலை 7:25-க்கும் மாணவி இரண்டு பதிவுகள் எடுத்தார். இரண்டிலும் 14 நிமிடத்துக்கு மேல் மீதம், இரண்டிலும் 4,999 ரூபாய். பணம் கட்டிய ரசீதுடன் அவற்றையும் சேர்த்து 1915-இல் புகார் பதிவு செய்தோம். ஏழு வாரம் கழித்து 3,500 ரூபாய் திரும்ப வந்தது. மீதியை ‘பதிவுக் கட்டணம்’ என்று பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பக்கத்தை நேற்றும் திறந்து பார்த்தேன். இப்போது 29:59-இலிருந்து இறங்குகிறது.