நார்மல் ரிப்போர்ட்டும் எரியும் விரலும்

பக்கத்து வீட்டு அக்கா டீ டம்ளரை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினார். "இந்தக் கையில சூடே தெரியல தம்பி. ஆனா ராத்திரி ஆயிட்டா இதே விரல்தான் எரியுது."

மடியில் ஒரு மஞ்சள் பை. உள்ளே எம்.ஆர்.ஐ. படம், நரம்புப் பரிசோதனைத் தாள், ரத்த ரிப்போர்ட்டுகள். எட்டு மாதம், மூன்று டாக்டர்கள், எல்லாத் தாளிலும் 'நார்மல்'. கடைசி டாக்டர் "டென்ஷனைக் குறைங்க" என்று அனுப்பிவிட்டாராம். "நான் என்ன பொய்யா சொல்றேன்?" என்று கேட்டபோது அக்காவின் குரல் உடைந்தது.

நான் டாக்டர் இல்லை. ஆனால் இந்த 'நார்மல்' என்ற சொல்லை ஏன் அப்படியே விழுங்கக் கூடாது என்று சொல்ல முடியும். ஒரு பரிசோதனை, தன்னிடம் கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும். எம்.ஆர்.ஐ. காட்டுவது உருவத்தை: கட்டி, தழும்பு, அழுத்தம். கையில் மின்சாரம் வைத்துச் சுருக்கென்று இழுக்கும் அந்த நரம்புப் பரிசோதனை தடித்த நரம்பிழைகளைத்தான் அளக்கும். சூட்டையும் வலியையும் கொண்டுபோவது மெல்லிய இழைகள். அவை அதில் சிக்காது. அக்காவுக்குத் தெரியாமல் போனதோ சூடு! மெல்லிய இழைகளைப் பார்க்க வேண்டுமென்றால் தோலில் 3 மில்லிமீட்டர் அளவுக்கு எடுத்து, நுண்ணோக்கியில் எண்ணுவார்கள்.

ரத்தத் தாளைப் புரட்டினேன். பி12 அளவு 240. சோதனைக்கூடம் போட்டிருந்த கீழ் எல்லை 200 என்பதால் தடித்த எழுத்தில் வரவில்லை. யார் கண்ணிலும் படவில்லை. 200க்கும் 300க்கும் நடுவே இருப்பது இரண்டுங்கெட்டான் பகுதி. அந்த அளவிலும் நரம்புக்குப் பற்றாக்குறை இருக்கலாம், ரத்தசோகை இல்லாமலேயே. மீத்தைல்மலோனிக் அமிலம் என்ற இன்னொரு சோதனை சந்தேகத்தைப் பெரும்பாலும் தீர்த்துவிடும். அக்கா ஒன்பது வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். அது பி12 அளவைக் குறைக்கக்கூடிய மாத்திரை. சர்க்கரையே நரம்பைக் கெடுக்கும் என்பது வேறு விஷயம்.

"நரம்புச் சத்து மாத்திரைன்னு மருந்துக் கடையில குடுத்தாங்களே?" என்றார். அதுதான் வம்பு. சோதனைக்கு முன்பே அதைப் போட்டால் பி12 கணக்கு குழம்பிவிடும். அதிலுள்ள பி6 அதிக அளவில் நாள்பட உள்ளே போனால், அதுவே கை கால் மரத்துப்போகக் காரணமாகும்.

"மூணு மாசம் கழிச்சு வாங்க" என்று டாக்டர் சொன்னால் நமக்குக் கோபம் வருகிறது. எல்லா நேரமும் அது தட்டிக்கழிப்பது இல்லை. சில நோய்கள் காலப்போக்கில்தான் பிடிபடும். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நோய்க்கு 2001இல் வகுத்த மெக்டொனால்டு விதிகளின் அடிப்படையே, பாதிப்பு வெவ்வேறு இடத்திலும் வெவ்வேறு காலத்திலும் வந்ததா என்பதுதான்.

அந்த டென்ஷன் விவகாரத்துக்கு வருவோம். நரம்பு சேதமாகாமல், மூளை உடலை இயக்கும் விதத்தில் கோளாறு ஏற்படுவதும் உண்டு. அதைக் கண்டுபிடிக்க உதவும் ஒரு சோதனையை ஹூவர் என்ற அமெரிக்க மருத்துவர் 1908இல் எழுதிவைத்தார். படுத்திருக்கும் நோயாளியின் பலவீனமான காலைக் கீழே அழுத்தச் சொன்னால் முடியாது. நல்ல காலைத் தூக்கச் சொன்னால் அதே பலவீனமான காலின் குதிகால், அடியில் வைத்திருக்கும் டாக்டரின் உள்ளங்கையைத் தானாக அழுத்தும். இது நடிப்பு இல்லை. இயன்முறைப் பயிற்சியால் பலர் தேறுகிற கோளாறு. என் அபிப்பிராயத்தில், இதை 'டென்ஷன்' என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவைப்பது சோம்பேறித்தனம்.

அக்காவிடம் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்தேன். எந்த விரல், எத்தனை மணி, எவ்வளவு நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தார் என்று எழுதட்டும். கை நடுங்கினால் பேரன் செல்போனில் படம் பிடிக்கட்டும். சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றின் பெயரும் கடைசிப் பக்கத்தில் இருக்கட்டும்.

அங்கேயே முதல் வரியை எழுதினார்: 'செவ்வாய், 4.20, டீ, வலது கை, சூடு தெரியவில்லை.'

நோட்டில் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாத சிலவும் உண்டு. திடீரென வாய் கோணுவது, ஒரு பக்கக் கை விழுவது, பேச்சு குழறுவது. பாதத்தில் தொடங்கிய தளர்ச்சி சில நாளில் மேலேறுவது. தொடையிடுக்கு மரத்து, சிறுநீர் கட்டுப்பாடு போவது. இவற்றில் எது வந்தாலும் உடனே 108க்குப் போன் செய்யுங்கள்.