எண்களும் தீர்ப்பும்

‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பது நம் மூத்தோர் வழங்கிய பழமொழி. பானையிலுள்ள அரிசி முழுதும் ஒரே நெருப்பில், ஒரே நீரில், ஒரே நேரம் வெந்தமையால் ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்து மற்றவற்றின் நிலையை அறிந்துகொள்கிறோம். ஆனால் உலகத்து விஷயங்கள் யாவும் பானைச் சோறு போல்வன அல்ல. ஒரு வீட்டில் ஆண் மகவு பிறந்ததனால் அடுத்த வீட்டிலும் ஆணே பிறக்கும் என்று யாரும் சொல்லார். ஒவ்வொரு பிறப்பும் தனித்தனியே நிகழ்வது. இத்தகைய விஷயங்களில் சிலவற்றைப் பார்த்துப் பலவற்றைப் பற்றித் தீர்ப்புக் கூறவேண்டின், எத்துணைப் பார்த்தல் வேண்டும்? எவ்வளவு வேறுபாடு கண்டால் ‘இது தற்செயல் அன்று’ எனத் துணிந்து உரைக்கலாம்? இவ்வினாக்களுக்கு விடை கூறுவதே புள்ளியியலில் ‘மறுப்புப் பகுதி’ எனப்படும் கருத்து. நம் மாணாக்கருட் பலர் இதனைத் தேர்வுக்காகச் சூத்திரமாக நெட்டுருச் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகின்றனர். இது மனிதரின் மானத்தையும் உயிரையும் தொடும் கருத்தாகலின், நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்றைக்கொண்டு ஈண்டு விளக்க முயல்வோம்.

தருமபுரி மாவட்டம் 1965 ஆம் ஆண்டு அக்டோபர் 2 ஆம் நாள் சேலம் மாவட்டத்தினின்றும் பிரிக்கப்பெற்றது. வாணியாறு பாயும் பாப்பிரெட்டிப்பட்டி வட்டம் இம்மாவட்டத்தைச் சேர்ந்தது. பெண் சிசுக்கள் பிறந்தவுடன் கொல்லப்படுகின்றன என்னும் கொடுஞ்செய்தி சென்ற நூற்றாண்டின் இறுதியில் சேலம், தருமபுரிப் பகுதிகளைப் பற்றிப் பரவியது. 1992 இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பெற்று, 2001 இல் தருமபுரி முதலிய மாவட்டங்களுக்கும் விரிவாக்கப்பெற்றது. கருவிலேயே பால் அறிந்து அழிப்பதைத் தடுக்க 1994 இல் மத்திய அரசு சட்டம் இயற்றியது. 2001 ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி, தருமபுரி மாவட்டத்தின் இன்றைய எல்லைக்குள் ஆறு வயதுக்கு உட்பட்ட ஆண் குழந்தைகள் ஆயிரவருக்குப் பெண் குழந்தைகள் 826 பேரே இருந்தனர். அவ்வாண்டில் தமிழ்நாடு முழுமைக்கும் அத்தொகை 942.

இப்பொழுது வாசகர் தம்மை ஒரு விசாரணை அதிகாரியாகப் பாவித்துக்கொள்க. பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்தில் ஒரு சிற்றூர் என்று வைத்துக்கொள்வோம். இது விளக்கத்திற்காக நாம் கற்பித்துக்கொள்ளும் ஊரே. உண்மையான எவ்வூரையும் சுட்டுவதன்று. அவ்வூர்ப் பதிவேட்டில் நூறு பிறப்புகள் உள. அவற்றுள் ஆண் 55, பெண் 45. பத்துப் பெண் மக்கள் குறைகின்றனர்! அவ்வூராரைக் குற்றவாளிகள் எனலாமா? அல்லது, இது தற்செயலாகவும் நேரக்கூடியதே என்று விட்டுவிடலாமா? அறுபது ஆண்கள் இருப்பின் யாது செய்வது? எழுபது இருப்பின்?

முதற்கண், இயற்கையின் விகிதம் யாதென அறிதல் வேண்டும். ஆணும் பெண்ணும் சரிபாதியாகப் பிறப்பதில்லை. மனித குலத்தில் நூறு பெண்களுக்கு ஏறக்குறைய 105 ஆண்கள் பிறக்கின்றனர். அஃதாவது, நூறு பிறப்புகளில் சராசரி 51.2 ஆண்கள். ஆண் மகவு ஆயிரத்துக்குப் பெண் மகவு 952 என்றும் இதனைக் கூறலாம்.

இவ்விகிதத்தைப் பற்றிய ஆராய்ச்சியே இத்துறையின் முதல் ஆராய்ச்சியாகவும் எண்ணப்படுகிறது. ஆன் அரசியாரின் வைத்தியராயிருந்த ஜான் ஆர்பத்நாட் என்பவர், இலண்டன் நகரில் 1629 முதல் 1710 வரை ஞானஸ்நானம் பெற்ற குழந்தைகளின் கணக்கை ஆராய்ந்தார். எண்பத்திரண்டு ஆண்டுகளிலும், ஓராண்டேனும் தவறாமல், ஆண் குழந்தைகளே மிகுந்திருக்கக் கண்டார். ஓர் ஆண்டில் ஆண் மிகுதலும் பெண் மிகுதலும் சமவாய்ப்பு உடையனவாயின், எண்பத்திரண்டு ஆண்டும் தொடர்ந்து ஆணே மிகுதற்கு உள்ள வாய்ப்பு, இரண்டை எண்பத்திரண்டு முறை தம்முட் பெருக்கி வரும் எண்ணில் ஒரு பங்கு. அவ்வெண் இருபத்தைந்து இலக்கங்கள் உடையது! இத்துணை அரிய நிகழ்ச்சி தற்செயலாக நேர்ந்தது என்று கொள்வது அறிவுக்குப் பொருந்தாமையின், சமவாய்ப்பு என்னும் கொள்கையை அவர் தள்ளிவிட்டார்.

ஆர்பத்நாட்டுக்கு வாய்த்த சான்று மலைபோற் பெரிது. ஆகவே எல்லை எங்கே என்னும் ஐயம் அவருக்கு எழவில்லை. நம் சிற்றூரின் 55 அவ்வாறன்று. எல்லையை நாமே வகுத்துக்கொள்ள வேண்டும். அதனை வகுக்கும் முறையை நெய்மன், இகான் பியர்சன் என்னும் இருவர் 1933 இல் வெளியிட்ட கட்டுரையில் ஒழுங்குபடுத்திக் கூறினர். அம்முறை வருமாறு.

முதலாவது, ஒரு கொள்கையை நிறுத்துக: ‘இவ்வூரில் இயற்கையின் விகிதமே நிலவுகிறது, யாரும் குறுக்கிடவில்லை.’ இதற்கு இன்மை எடுகோள் என்று பெயர். நியாயஸ்தலத்தில், குற்றம் மெய்ப்பிக்கப்படும் வரையில் எதிரி குற்றமற்றவன் என்று கொள்வதை ஒத்தது இது. இரண்டாவது, அதற்கு மாறானதைக் கூறுக: ‘ஆண் பிறப்பின் பங்கு இயற்கையினும் மிகுந்துள்ளது.’ இது மாற்று எடுகோள். மூன்றாவது, குற்றமற்ற ஊரைத் தவறாகக் குற்றஞ்சாட்டும் அபாயத்தை எவ்வளவு பொறுத்துக்கொள்ளலாம் என்று முன்னரே முடிவு செய்க. நூற்றுக்கு ஐந்து என்று கொள்வது வழக்கம். பிஷர் என்னும் பேரறிஞர் 1925 இல் எழுதிய நூலால் இவ்வழக்கம் பரவியது. இதனை மிகைகாண் நிலை என்பர்.

இனி எல்லையைக் காண்போம். நூறு பிறப்புகளை ஆண் பிறக்கும் வாய்ப்பாகிய 0.512 ஆலும், பெண் பிறக்கும் வாய்ப்பாகிய 0.488 ஆலும் பெருக்கி வர்க்கமூலம் காணின் ஏறக்குறைய 5 வரும். இது திட்ட விலக்கம். தற்செயலால் எண்ணிக்கை இயல்பாக எவ்வளவு ஏறி இறங்கும் என்பதற்கு இஃது அளவுகோல். ஐந்து சதவீத அபாயத்துக்கு, சராசரிக்கு மேல் திட்ட விலக்கத்தைப் போல் 1.645 மடங்கு செல்லுதல் வேண்டும். அஃதாவது 51.2 உடன் 8.2 கூட்ட 59.4 ஆகின்றது. ஆகவே ஆண் பிறப்பு 60 அல்லது அதற்கு மேற்படின் அது மறுப்புப் பகுதி. கண்ட எண் அப்பகுதியுள் விழுமாயின் இன்மை எடுகோளை மறுக்கிறோம். அதற்கு வெளியே விழுமாயின் மறுப்பதற்கில்லை என்கிறோம். நம் சிற்றூரின் 55 எல்லைக்கு வெளியே நிற்கின்றது. அவ்வூரார் மீது குற்றஞ்சாட்ட இவ்வெண் இடந்தரவில்லை.

இவ்விடத்தே மாணாக்கர் பெரும்பாலும் தவறு செய்கின்றனர். ‘மறுப்பதற்கில்லை’ என்பதை ‘உண்மையென நிறுவப்பட்டது’ என்று எழுதிவிடுகின்றனர். அது பெரும் பிழை. 1000 ஆண்களுக்கு 826 பெண்கள் என்பது நூறு பிறப்புகளுள் 54.8 ஆண்கள் என்பதேயாம். எனவே மாவட்டத்தைப் பற்றிய கொடுஞ்செய்தி அவ்வூருக்கு முற்றிலும் பொருந்துவதாயினும், அங்கு நாம் காண எதிர்பார்க்கும் எண் ஏறத்தாழ 55 தான்! அத்தகைய ஊர்கள் ஆறனுள் ஏறக்குறைய ஐந்து, 60 என்னும் எல்லையைத் தொடாமலே தப்பிவிடும். குற்றமற்றதைக் குற்றமெனல் முதல் வகைப் பிழை. குற்றமுள்ளதைக் காணாது விடுதல் இரண்டாம் வகைப் பிழை. நூறு பிறப்புகளைக் கொண்ட சோதனை முதற் பிழையினின்று நம்மைக் காத்து, இரண்டாம் பிழையில் நம்மைத் தள்ளிவிடுகின்றது.

இதற்குப் பரிகாரம் யாது? எண்ணிக்கையைப் பெருக்குதலே. ஆயிரம் பிறப்புகளை எடுத்துக்கொள்ளின் சராசரி 512. திட்ட விலக்கம் 15.8; மறுப்புப் பகுதி 539 இல் தொடங்கும். அதே விகிதப்படி எதிர்பார்க்கும் 548 ஆண்கள் இப்பொழுது எல்லைக்குள் விழுகின்றனர். பதினாயிரம் பிறப்புகளாயின் சராசரி 5122, எல்லை 5205, எதிர்பார்க்கும் எண்ணோ 5476. அது சராசரிக்கு மேல் திட்ட விலக்கத்தைப் போல் ஏழு மடங்கு அப்பால் நிற்கின்றது. விகிதம் மாறவில்லை; சான்றின் பருமன் மாறியது. சிற்றூரின் ஏட்டில் ஊமையாயிருந்த உண்மை மாவட்டத்தின் ஏட்டில் வாய்திறந்து பேசுகின்றது. தருமபுரி மாவட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்டோர் தொகை ஒரு லட்சத்தை மிஞ்சியது. ஆகலின் 826 என்பது தற்செயல் என்று வாதிக்க யாருக்கும் இடமில்லை. சாதாரணமாகச் சிசுப் பருவத்தில் ஆண் குழந்தைகளே மிகுதியாக இறப்பர். ஆதலால் பிறப்பு விகிதமாகிய 952 ஐக்கொண்டு சோதித்தது மாவட்டத்துக்குச் சலுகை காட்டியதேயன்றி வேறன்று. 2011 ஆம் ஆண்டுக் கணக்கில் இத்தொகை 913 ஆக உயர்ந்தது மகிழ்ச்சிக்குரியது. எனினும் பதினாயிரம் பேருள் 5227 ஆண்கள் என்னும் அவ்வளவும் 5205 என்னும் எல்லையைக் கடந்தே நிற்கின்றது.

இனி மற்றோர் எச்சரிக்கை. எல்லையை எண்களைக் காணுமுன் வகுத்தல் வேண்டும். கண்டபின் வகுத்தல் அநீதியாம். நாம் ஒரு பக்கத்தில் மட்டும் எல்லை வைத்தது, பெண் மக்கள் குறைகின்றனரா என்பதே நம் வினாவாக இருந்தமையால். ‘இயற்கையின் விகிதத்தினின்று எப்பக்கமாயினும் மாறியுள்ளதா’ என்பது வினாவாயின், ஐந்து சதவீதத்தை இரண்டாகப் பகுத்து இருபுறமும் வைத்தல் வேண்டும். அப்பொழுது மேற்புற எல்லை 62 க்குச் சென்றுவிடும். 60 அதனுள் விழாது. இருபுறச் சோதனை என்று தொடங்கி, 60 கண்டதும் ஒருபுறச் சோதனையாக மாற்றிக்கொள்பவர், ஆட்டம் தொடங்கிய பின் கோட்டை நகர்த்துபவரை ஒப்பர்.

இதனினும் கொடிது ஒன்றுண்டு. குற்றமற்ற இருபது ஊர்களை ஐந்து சதவீத எல்லை வைத்துச் சோதித்தால், அவற்றுள் சராசரி ஓர் ஊர் வெறுந் தற்செயலாலேயே மறுப்புப் பகுதியுள் விழும். ஓரூரேனும் விழுதற்குள்ள வாய்ப்பு ஏறக்குறைய நூற்றுக்கு அறுபத்து நான்கு. அவ்வோர் ஊரை மட்டும் பொறுக்கியெடுத்து, ஏனைய பத்தொன்பதை மறைத்து, அதன் பெயரை ஊரறியப் பறைசாற்றுபவர் கணக்கின் பெயரால் பழி சுமத்துகின்றனர். பாவம் செய்யாத தாய்மார் பலர் அவ்வூரில் இருப்பர் என்பதை மறத்தல் ஆகாது. பல ஊர்களைச் சோதிப்பவர் எல்லையை அதற்கேற்ப இறுக்கிக்கொள்ளுதல் கடமை.

இறுதியாக, மறுப்பு என்பது யாது கூறும், யாது கூறாது என்பதையும் தெரிந்துகொள்க. ‘இயற்கையின் விகிதம் இங்கே நிலவவில்லை’ என்பது மட்டுமே அது கூறுவது. ஏன் நிலவவில்லை என்பதை அது கூறாது. ஆர்பத்நாட் தம் கணக்கில் கடவுளின் திருவருளைக் கண்டார்; கணக்கோ சமவாய்ப்பு இல்லை என்பதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. பிறப்பு ஏட்டில் பெண்கள் குறைந்தால், கருவில் பால் அறிந்து அழித்திருக்கலாம், பிறந்தபின் கொன்றிருக்கலாம், அல்லது பெண் பிறப்புகளைப் பதிவு செய்யாமல் விட்டிருக்கலாம். இவற்றுள் எது என்று அறிய ஊருக்குள் நடந்து செல்லல் வேண்டும். மருத்துவச்சியோடும் தாய்மாரோடும் பேசுதல் வேண்டும். சிசு மரணக் கணக்கைத் தனியே பார்த்தல் வேண்டும். மறுப்புப் பகுதி விசாரணையைத் தொடங்கி வைப்பது, முடித்து வைப்பதன்று.

ஆகவே, மாணாக்கரே, இனி விடைத்தாளில் ‘எடுகோள் மறுக்கப்படுகிறது’ என்று எழுதும்போதெல்லாம் நான்கு வினாக்களை உள்ளத்தில் எழுப்பிக்கொள்க. எல்லையை முன்னரே வகுத்தேனா? எத்தனை முறை சோதித்தேன்? மறுக்காமல் விட்டதை மெய்யென்று மயங்கினேனா? காரணத்தை ஆராய்ந்தேனா? இந்நான்கிற்கும் நேர்மையாக விடை கூறவல்லவரே எண்களைக்கொண்டு தீர்ப்புரைக்கத் தகுதியுடையார். ஏனெனில் அத்தீர்ப்பின் ஒருபுறம் ஓர் ஊரின் மானமும், மற்றொருபுறம் பேச வாயில்லாத பெண் மகவின் உயிரும் நிற்கின்றன.