சீட்டுக்கு அடியில் சப்ஊஃபர்: வாங்கும் முன் அளந்து பாருங்கள்



நம் உறுப்பினர்களில் பலர் இன்று இரண்டு வரிசை சீட் உள்ள பிக்கப் வண்டி வைத்திருக்கிறார்கள். பொலிரோ கேம்பர், இசுசு வி-கிராஸ் போன்ற வண்டிகள். வாரம் முழுவதும் மண்டிக்கும் கடைக்கும் ஓடுகிற அதே வண்டிதான் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கோயிலுக்கும் போகிறது. கடைப் பொறுப்பை ஏற்று நடத்தும் நம் பிள்ளைகள் அந்த வண்டியில் நல்ல பாட்டுப்பெட்டி வேண்டும் என்று கேட்பது நியாயமான ஆசைதான். இரவு பகலாக உழைக்கிற பையன் கேட்கும்போது முகத்தைச் சுளிக்க வேண்டியதில்லை. ஆனால் சரக்கு கொள்முதலில் நாம் காட்டும் கவனத்தை இதிலும் காட்ட வேண்டும்.

காரில் டிக்கி இருக்கிறது. பிக்கப்பில் டிக்கி இல்லை. திறந்த தொட்டியில் வைத்தால் மழையும் வெயிலும் திருட்டும். எனவே சப்ஊஃபருக்கு மிஞ்சிய இடம் பின் சீட்டுக்கு அடியில்தான். அது மட்டமான இடமும் அல்ல. தபேலா, மேளம், பேஸ் கிடார் போன்ற அடிச் சத்தம் வினாடிக்கு 80 அதிர்வுக்குக் கீழே இருக்கும்போது, அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது காதுக்கு எளிதில் பிடிபடாது. 50 அதிர்வு உள்ள ஒரு சத்தத்தின் அலை நீளம் ஏறக்குறைய 7 மீட்டர். வண்டியின் கேபினே அந்த நீளம் கிடையாது. ஆகவே பெட்டி சீட்டுக்கு அடியில் ஒளிந்திருந்தாலும் பாட்டு முன்னாலிருந்து வருவது போலவே கேட்கும்.

முதல் வேலை அளவெடுப்பது

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது இதற்கும் பொருந்தும். கடைக்குப் போகும் முன் டேப்பை எடுத்துக்கொண்டு வண்டிக்குள் இறங்குங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் எழுதுங்கள். உயரத்தை ஒரே இடத்தில் அளந்தால் போதாது. தரை சமமாக இருக்காது. நடுவில் மேடு இருக்கலாம். சீட்டின் முன்பக்கம் ஓர் உயரம், பின்பக்கம் ஓர் உயரம் இருக்கலாம். எங்கு குறைவோ அதுவே நமக்குக் கணக்கு.

இன்னொன்று. காலி சீட்டை அளப்பது ஈரச் சாக்கை எடை போடுவது போல. மூன்று பேர் உட்கார்ந்தால் சீட் கீழே இறங்கும். பிசைந்த மாவை உருண்டையாக்கி ஒரு காகிதத்தின் மேல் நாலு இடத்தில் வையுங்கள். உருண்டைகள் சீட்டின் அடிப்பாகத்தைத் தொடும் அளவு உயரமாக இருக்கட்டும். பிறகு கடைப் பையன்கள் மூன்று பேரை உட்காரச் சொல்லுங்கள். எழுந்த பின் நசுங்கிய உருண்டையின் உயரத்தை அளந்தால் அதுவே உண்மையான உயரம். ஊஃபரின் கூம்பு மேலும் கீழும் அசையும் என்பதால் அதிலும் 2 செ.மீ. விட்டுவிடுங்கள். ஜாக்கி, வீல் ஸ்பானர், முதலுதவிப் பெட்டி ஆகியவை அங்கே இருந்தால் அவற்றுக்கு வேறு இடம் பார்த்த பிறகே பெட்டிக்கு இடம் ஒதுக்க வேண்டும். நடுவழியில் டயர் பஞ்சரானால் பாட்டுப்பெட்டி உதவாது.

இரண்டு வகைப் பெட்டிகள்

ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே அமைந்த தட்டைப் பெட்டி ஒரு வகை. பெரும்பாலும் 8 அங்குல ஊஃபர். உயரம் 7, 8 செ.மீ.தான் இருக்கும். பயோனியர், ஜே.பி.எல்., சோனி, கென்வுட் ஆகிய கம்பெனிகள் இந்த வகையைச் செய்கின்றன. வேலை குறைவு, இடம் குறைவு. வேண்டாமென்றால் கழற்றி அடுத்த வண்டியில் வைத்துக்கொள்ளலாம். பாட்டு நிறைவாகக் கேட்டால் போதும் என்பவர்களுக்கு என் யோசனை இதுவே.

ஊஃபர் தனி, ஆம்ப்ளிஃபயர் தனி, மரப்பெட்டி தனி என்பது அடுத்த வகை. சத்தம் அதிகம், செலவும் வேலையும் அதிகம். இதற்கு ஆழம் குறைந்த ஊஃபராகப் பார்த்து வாங்க வேண்டும். 10 அங்குலம் என்பது முகத்தின் அகலம் மட்டுமே. பின்னால் காந்தம் எவ்வளவு நீள்கிறது என்பதுதான் நமக்கு முக்கியம்.

மரப்பெட்டி செய்வதில் நம் தொழில் கணக்கே வருகிறது. 90 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 14 செ.மீ. உயரம் என்றால் வெளிக்கணக்கில் 37.8 லிட்டர். ஆனால் பலகை 18 மி.மீ. கனம். இரு பக்கமும் கழித்தால் உள்ளே 86.4, 26.4, 10.4 செ.மீ. பெருக்கினால் 23.7 லிட்டர்தான். 14 லிட்டர் பலகைக்கே போய்விட்டது. சாக்கு எடை கழிக்காமல் யாராவது சரக்கு எடை போடுவார்களா? ஊஃபருடன் வரும் தாளில் இத்தனை லிட்டர் பெட்டி வேண்டும் என்று எழுதியிருக்கும். அது உள் அளவு. கன அடியில் போட்டிருந்தால் 28.3 ஆல் பெருக்கினால் லிட்டர் வரும். இடம் குறைவான நமக்குத் துளையில்லாத மூடிய பெட்டிதான் பொருத்தம். துளை வைத்த பெட்டிக்குப் பொதுவாக இன்னும் அதிக லிட்டர் வேண்டும்.

வாட்ஸ் என்னும் மயக்கம்

அட்டைப் பெட்டியின் மேல் 1000 வாட்ஸ், 2000 வாட்ஸ் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அது ஒரு கணம் தாங்கும் உச்ச அளவு. தொடர்ந்து தரும் சக்திக்கு ஆர்.எம்.எஸ். என்று பெயர். அது சிறிய எழுத்தில் வேறு மூலையில் இருக்கும். மொத்த எடைக்கும் நிகர எடைக்கும் உள்ள வித்தியாசம் இது. நாம் விலை பேச வேண்டியது நிகர எடைக்கு.

கடைக்காரரிடம் வாதாடாமல் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஆம்ப்ளிஃபயரில் எத்தனை ஆம்பியர் ஃப்யூஸ் போட்டிருக்கிறது என்று பாருங்கள். 15 ஆம்பியர் என்றால், எஞ்சின் ஓடும்போது உள்ள 14 வோல்ட்டால் பெருக்க 210 வாட்ஸ். உள்ளே போவதே அவ்வளவுதான். அதிலும் ஒரு பங்கு சூடாகப் போய்விடும். அதிலிருந்து 1000 வாட்ஸ் எப்படித் தொடர்ந்து வெளியே வரும்?

ஊஃபரின் சென்சிடிவிட்டி அளவையும் கேளுங்கள். 84 டெசிபல் உள்ளதும் 87 டெசிபல் உள்ளதும் பக்கத்தில் இருந்தால், இரண்டாவது அதே சத்தத்தைப் பாதி வாட்ஸில் தரும். ஊஃபரின் ஓம்ஸ் அளவை ஆம்ப்ளிஃபயர் ஏற்குமா என்றும் பார்க்க வேண்டும். 4 ஓம்ஸுக்குச் செய்த ஆம்ப்ளிஃபயரில் 2 ஓம்ஸ் ஊஃபரை மாட்டினால் சூடேறி நின்றுவிடும், எரிந்தும் போகலாம்.

கம்பியில் சிக்கனம் வேண்டாம்

நஷ்டம் பெரும்பாலும் பெட்டியால் வருவதில்லை, வயரிங்கால் வருகிறது. பேட்டரியிலிருந்து வரும் கம்பியில் 45 செ.மீ. தூரத்துக்குள் ஃப்யூஸ் இருக்க வேண்டும். ஆம்ப்ளிஃபயரில்தான் ஃப்யூஸ் இருக்கிறதே என்று பொருத்துபவர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வழியில் கம்பி உராய்ந்து வண்டியின் தகட்டைத் தொட்டால், ஆம்ப்ளிஃபயரில் உள்ள ஃப்யூஸ் காப்பாற்றாது, தீதான். தகட்டுத் துளை வழியே கம்பி போகும் இடத்தில் ரப்பர் வளையம் அவசியம்.

கம்பியிலும் கலப்படம் உண்டு. அலுமினியத்தின் மேல் செம்பு பூசி விற்கிறார்கள். பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். கையில் எடுத்தாலே எடை குறைவு தெரிந்துவிடும். மிளகில் பப்பாளி விதையைக் கண்டுபிடிக்கும் நமக்கு இது பெரிய வேலையா?

எங்கள் கடைவீதி நண்பர் ஒருவரின் வண்டியில், ஸ்டீரியோவை அணைத்தால் ஆம்ப்ளிஃபயரும் அணைய வேண்டிய சிறு கம்பியை நேராகப் பேட்டரியோடு முடிந்துவிட்டார்கள். ஆம்ப்ளிஃபயர் சத்தமில்லாமல் 1 ஆம்பியர் இழுத்தால் என்ன ஆகும்? சனிக்கிழமை இரவு 10 மணிக்கு நிறுத்திய வண்டி திங்கள் காலை 4 மணிக்குள் 30 மணி நேரம் நிற்கிறது. 60 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதி காலி. நண்பரின் பேட்டரி பழையது, வண்டி கிளம்பவில்லை. வேறு வண்டி பிடித்து மண்டிக்குப் போவதற்குள் தக்காளி ஏலம் முடிந்துவிட்டது. அன்றைக்குப் போன வாடிக்கையாளர்களுக்கு எந்த ஃப்யூஸ் விலையும் ஈடாகாது.

மளிகை வண்டிக்குரிய கவனங்கள்

நம் வண்டியில் சர்க்கரை, பருப்பு, தேங்காய் வாசனை இருக்கும். வாசனை இருந்தால் எலி வரும். எலி வந்தால் கம்பியைக் கடிக்கும். எல்லாக் கம்பிகளையும் கெட்டியான குழாய்க்குள் செலுத்தச் சொல்லுங்கள். வண்டி கழுவும்போது தண்ணீர் உள்ளே வரும். எம்.டி.எஃப். பலகை தண்ணீர் பட்டால் ஊதிவிடும். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் கேளுங்கள். பெட்டியைத் தரையிலிருந்து சற்றுத் தூக்கி, போல்ட் போட்டு இறுக்குங்கள். திடீரென்று பிரேக் பிடித்தால் கட்டாத பெட்டி காலை உடைக்கும்.

இறுதியாக

ஒலி மாசு விதிகள் 2000-ன்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்பதே வரையறை. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 வரை. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. விதியை விடுங்கள், பின்னால் வரும் லாரியின் ஹாரன் ஓட்டுநர் காதில் விழ வேண்டும். டயர் சத்தம் மாறினால் தெரிய வேண்டும். நாம் தூங்கும் நேரத்தில் நம் சரக்கும் நம் பிள்ளையும் அந்தச் சாலையில் இருக்கிறார்கள்.

வண்டி வாரண்டியில் இருந்தால், வயரிங்கைத் தொடும் முன் ஷோரூமில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பில்லும் வாரண்டி அட்டையும் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். பெட்டியைப் பொருத்தியதும் மூன்று பேரை உட்கார வைத்துப் பாட்டுப் போட்டுப் பாருங்கள். ஒருநாள் இரவு வண்டியை நிறுத்தி வைத்து, காலையில் உடனே கிளம்புகிறதா என்று பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.