எத்தனை வகை விமானத்தில் ஏறினோம்?

எங்கள் பிள்ளைகளில் சிலர் தாங்கள் ஏறிய விமான வகைகளைக் கொப்பியில் குறித்து வைக்கிறார்கள். போயிங் 777 இல் பத்துத் தரம் பறந்தாலும் கணக்கு ஒன்றுதான். ரிக்கெற் பதியும்போதே வகை தெரியும். ஆனால் கடைசி நேரத்தில் விமானம் மாறுவதுண்டு. ஆசனத்துக்கு முன்னால் உள்ள பாதுகாப்பு அட்டையைப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

ஊருக்குப் போனால் கணக்குக் கூடும். ரொறன்ரோவிலிருந்து டுபாய்க்கு இரட்டைத் தட்டு ஏ380, அங்கிருந்து சென்னைக்கு 777, சென்னையிலிருந்து பலாலிக்கு ஏ.ரி.ஆர் 72. பலாலி ஓடுபாதை நீளம் குறைந்தது. அதனால்தான் காற்றாடி வைத்த சிறிய விமானம் வருகிறது.

அவ்வளவு தூரம் போகாமலும் ஒன்றைச் சேர்க்கலாம். எங்கள் நகரின் தீவு விமான நிலையத்திலிருந்து போர்ட்டர் நிறுவனத்தின் டாஷ் 8-400 ஒட்டாவாவுக்குப் பறக்கிறது. டாஷ் 8 ரொறன்ரோவிலேயே பிறந்தது. டவுன்ஸ்வியூவில் 1983 யூன் 20 அன்று முதன்முதலாகப் பறந்தது. அடுத்த மாதம் கறுப்பு யூலை.

அதன்பின் வெளிக்கிட்டவர்களில் கட்டுநாயக்காவில் எயார் லங்காவின் ட்ரைஸ்டாரில் ஏறியவர்களும் உண்டு. அந்த வகையில் 250 விமானங்களே கட்டப்பட்டன. இன்று எதுவும் பயணிகளை ஏற்றுவதில்லை. பிள்ளைகள் இனிச் சேர்க்க முடியாத வகை அது.

அன்று நாங்கள் கடவுச்சீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம், விமானத்தை அல்ல. பிள்ளைகளே, அம்மாவிடம், அம்மம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்: வாலில் ஒரு இயந்திரம் இருந்ததா? அந்தப் பயணத்தையும் கொப்பியில் எழுதுங்கள்.